அளந்தவர் சம்பளமும் அளக்கப்பட்டவர் கடனும்

மே மாதம் தேர்வு முடிந்த கையோடு, மேட்டுப்பாளையம் நடூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எங்களைத் தேடி வந்தார். பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறார். அப்பா இல்லை. அம்மா உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார். "ஏனுங்க அக்கா, சென்னைக்குப் போயி எம்.ஏ. மானுடவியல் படிக்கலாம்னு இருக்கேன். படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்? குழுவுல கடன் எடுத்துத் தர்றேன்னு அம்மா சொல்லுதுங்க. எடுக்கலாங்களா?" என்று கேட்டார்.

எங்களில் சிலர் சமூகவியலும் சமூகப்பணியும் படித்தவர்கள். இந்தக் கேள்விக்கு ஊரில் வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. "பிடித்ததைப் படி, மற்றது தானாக வரும்" என்பது ஒன்று. நாலு தலைமுறையாகப் படித்த வீடுகளில் சொல்லப்படும் பதில் அது. "நர்சிங் படி, பி.எட். படி, இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்பது இன்னொன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் பயத்தில் சொல்வது. இரண்டையும் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். இரண்டு வாரம் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம். அவரைப் போல இன்னும் பலர் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மானுடவியலின் வரவு செலவை இன்றைய சம்பளப் பட்டியலிலிருந்து தொடங்க முடியாது. நம் மக்களையும் மலை மக்களையும் பார்த்து எழுதியே இந்தியாவில் அந்தத் துறை வளர்ந்தது. அதில் யார் சம்பாதித்தார்கள், யார் கடன்பட்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நம் பிள்ளையின் கணக்குக்கு வர வேண்டும்.

தூக்குமரம் என்று நினைத்தவர்

மேட்டுப்பாளையத்துக்கு 1873-ல் ரயில் வந்தது. 1899-ல் இங்கிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது. 1908-ல் அது ஊட்டி வரை போனது. தேயிலையும் கிழங்கும் இறங்கிய இந்தப் பாதை வழியாக ஆய்வாளர்கள் ஏறினார்கள். தோடர்களைப் பற்றி 1906-ல் பெரிய நூல் வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1930-களில் கோத்தர்களிடையே ஆய்வு செய்த டேவிட் மாண்டல்பாம் என்று பட்டியல் நீளும். உலகத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட மலைகளில் நீலகிரியும் ஒன்று.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மருத்துவம் படித்தவர். மானுடவியலில் அவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த நூலுக்கு அவர்தான் ஆசிரியர். துணை செய்தவர் என்று கே. ரங்காச்சாரியின் பெயரும் தலைப்புப் பக்கத்தில் உண்டு. இரண்டாம் தொகுதியில் 'சக்கிலியன்' இருக்கிறார், ஆறாம் தொகுதியில் 'பறையன்' இருக்கிறார். தலை இவ்வளவு, உயரம் இவ்வளவு, மூக்கின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இவ்வளவு என்று அட்டவணைகள். மூக்கை அளந்தால் சாதியின் படிநிலை தெரிந்துவிடும் என்று அன்றைய அறிவியல் நம்பியது. உடல் அளவைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காணும் முறையைப் போலீசாருக்குக் கற்றுக்கொடுத்தவரும் தர்ஸ்டன்தான்.

அந்த நூலின் முன்னுரையில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். நீலகிரியில் ஓர் இருளர், எப்போதோ செய்த ஏதோ சிறு குற்றத்துக்காகப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தவர், அளவெடுக்க வந்தார். உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்ததும் அது தூக்குமரம் என்று நினைத்து நிற்க மறுத்துவிட்டார். வயநாட்டில் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார்கள் என்று பயந்தார்களாம். தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அளப்பவருக்கும் போலீசுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அந்த இருளர் ஊகித்தது பெரிய தப்பில்லை.

தர்ஸ்டனின் பெயர் இன்றும் நூலகத்தில் இருக்கிறது. அந்த இருளரின் பெயர் எங்கேயும் இல்லை. மானுடவியலின் முதல் பேரேட்டில் வரவு ஒரு பக்கமாகவும் உடம்பு இன்னொரு பக்கமாகவும் எழுதப்பட்டது இப்படித்தான்.

அதே மலையிலிருந்து இறங்கியவர்கள்

அதே காலத்தில் நம்மவர்கள் சும்மா நின்று அளக்கக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. நீலகிரியில் வளர்ந்து, அங்கேயே தன் பொதுவாழ்வைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதாவது எழும்பூர் அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் தொகுதிகள் அச்சாவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, சில மைல் தூரத்தில், அளக்கப்பட்டவர்களில் ஒருவர் தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதி விற்றுக்கொண்டிருந்தார். விலை பெயரிலேயே இருந்தது.

அவருக்கு முன்பு, 1893-ல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். அவர் படித்தது நம் கோயம்புத்தூரில். 1939-ல் வெளியான தன் வரலாற்றுச் சுருக்கத்தில் அந்தப் படிப்பை அவர் நினைவுகூர்கிறார். சுற்றிலும் பிராமண மாணவர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் விளையாடப் போவதில்லை. மணி அடிக்கும் வரை வகுப்புக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே போவார். அந்தப் படிப்பு அவருக்கு என்ன சம்பாதித்துக் கொடுத்தது? நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கர் வேலை. பல ஆண்டுகள் அங்கே கணக்கெழுதியவர்தான் பிறகு சென்னைக்கு வந்து இதழ் நடத்தினார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் உட்கார்ந்தார்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. படிப்பினால் வரும் சம்பளத்தையும், அந்தப் படிப்பால் செய்யக்கூடிய வேலையையும் நம் முன்னோர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. கணக்கர் வேலை சோறு போட்டது. எழுத்து வேறு வேலை பார்த்தது. சோறு இல்லாமல் எழுதப் போகவும் இல்லை.

பத்து ஆண்டுப் பத்திரமும் பதினோரு நாளும்

நம்மில் ஒருவர் மானுடவியல் வகுப்பில் உட்கார்ந்து கட்டுரை வாசித்த நாள் 1916 மே 9. இடம் நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். பேராசிரியர் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகளின் இயக்கமுறை, தோற்றம், வளர்ச்சி பற்றிய தன் ஆய்வை முன்வைத்தார். அகமணத்தால்தான் சாதி நிற்கிறது, பெண்களைக் கட்டுப்படுத்தியே அகமணம் காக்கப்படுகிறது என்று அன்றே சொன்னார். மூக்கின் அளவுக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த ஆண்டு அது 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் அச்சானது.

அந்தக் கட்டுரைக்குப் பின்னால் ஒரு கடன் பத்திரம் இருந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டு பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று 1913 ஜூனில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பணமாக வாங்கியதை உழைப்பாகத் திருப்ப வேண்டும் என்ற ஒப்பந்தம்.

அவர் திருப்பத் தயாராகத்தான் இருந்தார். 1917-ல் பரோடாவுக்குப் போய் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதியில் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியே போகச் சொன்னது. நண்பர்களின் வீட்டிலும் இடமில்லை. ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயிலேறினார்.

பத்து ஆண்டுக் கடமை பதினோரு நாளில் உடைந்தது. உடைத்தது கடன் வாங்கியவர் இல்லை. அவருக்கு ஓர் அறை கொடுக்க மறுத்த ஊர் உடைத்தது. இன்றைக்கும் "லோன் வாங்கிப் படிச்சுட்டுக் கட்டாம ஏமாத்துறாங்க" என்று நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பதினோரு நாளை நினைத்துப் பார்க்கலாம். வேலை கிடைப்பது பட்டத்தை மட்டும் பொறுத்தது என்றால் கடன் கணக்கு எளிது. வீட்டு வாடகையும் நேர்முகத் தேர்வும் சிபாரிசும் சாதியைப் பொறுத்திருக்கும்போது, ஒரே கடன் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு கடன்.

அம்பேத்கர் அதன்பிறகு செய்ததையும் பார்க்க வேண்டும். 1918-ல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தை மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1920-ல் லண்டனுக்குத் திரும்பிப் போய் விட்ட படிப்பை முடித்தார். ஆக, அவரும் கடன் வாங்கினார். ஆனால் யாரிடம் என்று பார்த்து வாங்கினார். கையில் சம்பாத்தியம் கொஞ்சம் சேர்ந்த பிறகு வாங்கினார்.

பிறகு வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானபோது, தான் பட்ட பாடு அடுத்தவருக்கு வேண்டாம் என்று பட்டியல் சாதி மாணவர்களுக்கு அரசுப் பணம் கேட்டு வாங்கினார். 1944-ல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்றும் நடக்கிறது. கடனாக வந்த கல்வியை உரிமையாக மாற்றிய இந்தத் திட்டத்தைச் சலுகை என்று சொல்பவர்களிடம் நாம் வாதாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரைப் படித்தவர்கள்

1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை வந்தது. அதே ஆண்டு இந்திய மானுடவியல் அளவாய்வகமும் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் மூக்கை விட்டுவிட்டு ஊரைப் படிக்க வந்தார்கள். கொங்கு நாட்டுக்கு வந்தவர் பிரெண்டா பெக். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1960-களின் நடுவில் தங்கி, 1972-ல் கொங்கு வேளாண் சமூகம் பற்றிப் புத்தகம் எழுதினார். வலங்கை, இடங்கை என்ற பிளவு இங்கே எப்படி வேலை செய்தது, யார் யாரிடம் சோறு வாங்குவார் வாங்கமாட்டார் என்பதெல்லாம் அதில் விவரமாக உண்டு. பறையர் வலங்கையிலும் மாதாரிகள் இடங்கையிலும் வைக்கப்பட்டதைப் படிக்கும்போது, நம்மை நமக்குள்ளேயே பிரித்து வைத்த வேலை எவ்வளவு பழையது என்று புரியும்.

பொருளாதார அறிஞர் ஜூடித் ஹேயர் 1980-களின் தொடக்கத்திலிருந்து கோவை மாவட்டக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, அருந்ததியர் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த நிலை எப்படி மாறியது, எது மாறவில்லை என்று பதிவு செய்தார். விசைத்தறித் தொழிலாளர் முதலாளியிடம் வாங்கும் 'பாக்கி'யைப் பற்றி மானுடவியலாளர் கீர்ட் தெ நீவ் குமாரபாளையம் பக்கம் ஆய்வு செய்தார்.

இவற்றைப் பயனில்லாதவை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மனு எழுதும்போதும் உண்மை அறியும் குழுவின் அறிக்கை எழுதும்போதும் நாங்களே இவற்றைப் புரட்டுகிறோம். "எங்களுக்குக் கொத்தடிமை முறை இருந்தது" என்று நம் பாட்டி சொன்னால் அது கதை. ஆய்வாளர் அட்டவணை போட்டுச் சொன்னால் அது ஆதாரம். 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானபோதும் சரி, உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் சரி, வாதம் முழுக்கத் தரவுகளின் மேல்தான் நடந்தது. அந்தத் தரவை எழுதும் கை யாருடையது என்பதுதான் எங்கள் கவலை.

நடூரையே எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில், ஒரு தனியார் வீட்டின் ஏறக்குறைய 20 அடி உயரச் சுற்றுச்சுவர் இடிந்து நம் மக்கள் 17 பேர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் தூக்கத்திலேயே போனார்கள். அரசுக் கோப்பில் அது மழையில் இடிந்த சுவர். நடூர்க்காரர்களைக் கேட்டால் அது தீண்டாமைச் சுவர். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை விளக்க, சுவர் எப்போது, யாரை மறைக்க, எவ்வளவு உயர்ந்தது என்று வீடு வீடாகக் கேட்டு, தேதி போட்டு, எழுதி வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கேட்கவும் எழுதவும் பயிற்சி தரும் படிப்புக்குத்தான் மானுடவியல் என்று பெயர். அந்தத் தங்கைக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது அந்தச் சுவரிலிருந்துதான் என்று பிறகு சொன்னார்.

இன்றைய கணக்கு

ஆனால் ஆசையைக் காட்டி வங்கியில் தவணை கட்ட முடியாது. ஆகவே கணக்குக்கு வருவோம்.

செலவில் பல்கலைக்கழகக் கட்டணம் பெரிய பங்கு இல்லை. கோவையிலிருந்து சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய்த் தங்குவதும், சாப்பாடும், களப்பணிப் பயணமும்தான் பெரியவை. இரண்டு ஆண்டில் அவளுக்குச் சம்பளம் இல்லாமல் போகும் இழப்பு தனி. உதவித்தொகை என்ன தருகிறது? 2010-ல் நிர்ணயித்தபடி விடுதியில் தங்கும் எம்.ஏ. மாணவருக்கு மாதம் 820 ரூபாய். நாளுக்கு 27 ரூபாய். பத்து ஆண்டுக்கு மேல் அதைத் தொடவில்லை. 2021-ல் ஆண்டுத் தொகையாக மாற்றியபோது, தொழிற்கல்விக்கான மிக உயர்ந்த பிரிவுக்கே விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய்தான். கலைப் படிப்புக்கு அதைவிடக் குறைவு. குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். அந்தப் பணமும் படிப்பு தொடங்கும்போது வருவதில்லை. விடுதி முன்பணம் ஜூலையில் கேட்கும். உதவித்தொகை வரும்போது கோடை வந்துவிடும்.

அந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது. வங்கிக் கல்விக் கடன் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் இரண்டு ஆண்டும் அதற்கடுத்த ஓராண்டும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். மூன்றாம் ஆண்டு முடிவில் கடன் 3.9 லட்சம். ஏழு ஆண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 6,500 ரூபாய். மொத்தம் 5.4 லட்சத்துக்கு மேல். ஏழை மாணவருக்குப் படிப்புக் காலத்து வட்டியை ஒன்றிய அரசு கட்டும் திட்டம் 2009 முதல் உண்டு. ஆனால் அது தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும். எம்.ஏ. படிப்பவருக்கு இல்லை. பொறியியல் படித்தால் அரசு வட்டி கட்டும், தன் ஊரைப் பற்றிப் படித்தால் அம்மா கட்ட வேண்டும்.

குழுக்கடன் இன்னும் மோசம். வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டும். படிப்பு முடியும் வரை காத்திருக்காது. அடுத்த வாரமோ அடுத்த மாதமோ தவணை தொடங்கிவிடும். மகள் சென்னையில் முதல் பாடம் படிக்கும் முன்பே அம்மா மண்டியில் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

வரவைப் பார்ப்போம். உதவிப் பேராசிரியரானால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் தமிழ்நாட்டில் மானுடவியல் துறை உள்ள கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019-ல் யூ.ஜி.சி. சொன்னது. அதைக் கேட்டு நம் மாநிலத்துக் கௌரவ விரிவுரையாளர்கள் நீதிமன்றப் படியேறியதை எல்லோரும் அறிவோம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஆய்வுக் காலத்தில் வரும் இந்தப் பணம்தான் இந்தப் படிப்பின் உண்மையான முதல் சம்பளம். பட்டியல் சாதி மாணவருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு. ஊட்டி முத்தோரை பாலாடாவில் பழங்குடி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மானுடவியல் அளவாய்வகத்தின் தென்மண்டல மையம் மைசூரில் இருக்கிறது. பணியிடங்கள் குறைவு. குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். இவை எதுவும் இல்லையென்றால் தொண்டு நிறுவன வேலை. எங்களில் பலர் தொடங்கியது மாதம் 12,000-த்திலும் 15,000-த்திலும்தான். 15,000 சம்பளத்தில் 6,500 தவணை போனால் மிச்சம் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டுக்குப் போகலாமா? பட்டியல் சாதி மாணவருக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950-களிலிருந்து இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் அதன் விதிகளை மாற்றியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி அந்தப் பணம் கிடையாது. இந்தியாவைப் பற்றி இந்தியாவிலேயே படிக்கலாமே என்பது அவர்கள் சொன்ன காரணம். 1916-ல் சாதியைப் பற்றி அமெரிக்காவில் கட்டுரை வாசித்த அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் அந்த விதியைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடன் என்பது நமக்குப் புதிதல்ல

கொங்கு நாட்டில் கடனின் முகம் நமக்குத் தெரியும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ தோட்டத்துக்காரரிடம் முன்பணம் வாங்கினால் வருடம் முழுக்கப் பண்ணையத்தில் கிடக்க வேண்டும். கணக்கு அவர் நோட்டில் இருக்கும். அப்பன் பட்ட கடனுக்கு மகன் மாடு மேய்ப்பான். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அந்த நோட்டுக்குச் சட்ட மதிப்பு இல்லை என்றது. கடன் தீர்ந்துவிட்டது என்று நமக்குச் சொன்ன சட்டம் அது. பிறகு முன்பணம் தறிப்பட்டறைக்குப் போனது, செங்கல் சூளைக்குப் போனது. வேலையை விட்டுப் போக முடியாமல் ஆளைக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை.

கல்விக் கடன் அப்படி இல்லை என்பார்கள். வங்கி ஆளைக் கட்டிப்போடாது என்பது சரிதான். ஆனால் மாதம் 6,500 கட்ட வேண்டியவள் கிடைத்த முதல் வேலையை விடமாட்டாள். பிடிக்காத முதலாளியை எதிர்த்துப் பேசமாட்டாள். நடூர்ச் சுவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டு இந்தப் படிப்புக்கு வந்தவள், தவணைக்காக எழுதாமல் இருந்துவிடுவாள். எங்கள் பெரிய பயம் இதுதான். கடன் அவள் பணத்தை எடுப்பதைவிட அவள் வாயை அடைப்பது பெரிய நட்டம்.

நாங்கள் சொன்ன பதில்

ஆகவே அந்தத் தங்கையிடமும் அவர் அம்மாவிடமும் இப்படிச் சொன்னோம்.

படி. ஆனால் இந்தப் படிப்புக்குக் கடன் எடுக்காதே. குழுக்கடன் வேண்டவே வேண்டாம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சேரும் முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போடு. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மூன்றையும் இப்போதே எடுத்து வை. ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு உன் கணக்குக்கே நேராக வரும். அது கட்டணத்துக்கானது, வீட்டுச் செலவில் கரைத்துவிடாதே. ஆதிதிராவிடர் நலத் துறையின் அரசு விடுதியில் இடம் கேள். முதல் ஆண்டிலிருந்தே நெட் தேர்வுக்குப் படி, பட்டம் முடியும்போது ஆய்வு உதவித்தொகை கைக்கு வர வேண்டும் என்பதை இலக்காக வை. இரண்டு முறை எழுதியும் அது வராவிட்டால் பி.எட். அல்லது அரசுத் தேர்வு என்ற வழியை மூடிவிடாதே. இரட்டைமலை சீனிவாசன் கணக்கெழுதிவிட்டுத்தான் இதழ் நடத்தினார். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அம்மா ஒன்று கேட்டார்: "ஏனுங்க கண்ணு, இத்தன கஷ்டப்பட்டு இவ படிச்சு வந்து என்னத்தச் செய்யப் போறா?" நாங்கள் பதில் சொல்லுமுன் மகளே சொன்னார்: "வேற யாரோ வந்து நம்மள எழுதிட்டுப் போறாங்கல்லம்மா. நானே எழுதறேன்."

அரசிடம் நாம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. வட்டி மானியம் எம்.ஏ. படிப்புகளுக்கும் வேண்டும். 2022 விதியைத் திரும்பப் பெற வேண்டும். உதவித்தொகை கல்வி ஆண்டின் தொடக்கத்தில் வர வேண்டும். நீலகிரியின் அடிவாரத்தில், நூறு ஆண்டுக்கு மேலாக உலகம் வந்து ஆராய்ந்துவிட்டுப் போன இந்த மாவட்டத்தில், அரசுக் கல்லூரி ஒன்றிலாவது மானுடவியல் துறை வேண்டும். அளக்கப்பட்டவர்கள் அளவுகோலைக் கற்றுக்கொள்ள 500 கிலோமீட்டர் ரயிலேறிப் போக வேண்டியதில்லை. இந்தத் துறை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு இது வட்டிகூட ஆகாது.

விடுதி முன்பணத்துக்கு நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறோம். எங்கள் நோட்டில் அதைக் கடன் என்று எழுதவில்லை. உதவித்தொகை வந்து மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். ஜூலைக்கு முன் போடுங்கள்.

ஜெய் பீம்.